மெதுவாக விழுகிறவர்கள்

தைமி கெம்பைனனுக்குப் பேனா பிடிக்காது. மைனஸ் இருபதில் மை உறைந்து கழுத்தறுக்கும் என்பாள், பென்சில்தான். வட ஃபின்லாந்தில் எங்கள் ஊர்த் தினசரியில் பதினெட்டு வருடம் வணிகப் பக்கம் பார்த்தவள். ஒருநாள் பக்கத்தையே நிறுத்தி அவளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் சவுனா என்ற நீராவி அறையில் உட்கார்ந்து உலகத்தைத் திட்டினாள். பிறகு ‘ரைலோ’ என்ற இணைய வார இதழைத் தொடங்கினாள். பனிக்கட்டியில் விழும் விரிசலுக்கு எங்கள் மொழியில் அந்தப் பெயர்.

ஊரில் இருந்த பெரிய போன் கம்பெனி கடையைக் கட்டிய பிறகு இங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஸ்டார்ட்-அப். வேலை போன என்ஜினீயர்கள் மூன்று பேர் சேர்ந்து காப்பி குடித்தால் நாலாவது வாரம் ஒரு கம்பெனி. நானும் வேலை போனவன்தான். கம்பெனி தொடங்கத் துப்பில்லாமல் ரைலோவின் தளத்தைப் பார்த்துக்கொண்டேன். அதற்கு விளம்பரம் கிடையாது, முதலாளி கிடையாது. வாசகர்கள் மாதாமாதம் கொடுப்பதில் ஓடியது. அந்த வாசகர்களில் பாதிப் பேர் அவள் எழுதும் கம்பெனிகளிலேயே வேலை பார்த்தவர்கள். தங்கள் குட்டை உடைக்கத் தாங்களே காசு கொடுத்து ஆள் வைத்திருந்த கூத்து வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

அவளை அவர்கள் நம்பியதற்குக் காரணம் ஒன்றுதான். பேட்டி கொடுத்தவர் தான் சொன்ன வரிகளை வெளியாகும் முன் பார்க்கக் கேட்பது எங்கள் நாட்டு வழக்கம். பார்க்கலாமே தவிர, முடிவு பத்திரிகையுடையது. தைமி ஒருபடி மேலே போய், “நீங்கள் சரி சொல்லாத வரி வராது” என்று முதல் இதழிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது இது. இதில் எங்களுக்குத் தகவல் சொன்ன ஆன்தெரோ இப்போது ஓய்வு பெற்றுவிட்டான். அவன் சரி சொன்ன பிறகே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கம்பெனி ஒன்று கைப்பட்டை செய்தது. தனியாக வாழும் முதியவர் விழுந்தால் பட்டை தானாகவே உதவி மையத்தை அழைக்கும். உடனே நகராட்சிக்கு யோசனை வந்துவிட்டது: காலையில் வீடு வீடாகப் போகும் செவிலியர்களை நிறுத்திவிட்டு எல்லார் கையிலும் பட்டையைக் கட்டிவிடலாம். மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை வாக்கெடுப்பு. தைமியின் அம்மா ஹெல்மியும் பட்டை கட்ட வேண்டியவர்கள் பட்டியலில் இருந்தார். எண்பத்துநாலு வயது, இடுப்பு எலும்பு மாற்றியவர்.

அதற்குப் பத்து நாள் முன்னால் ஆன்தெரோ எங்களைத் தேடி, நாங்கள் வழக்கமாக உட்காரும் சந்தைக் கூடத்துக்கு வந்தான். போன் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன். இப்போது பட்டைக் கம்பெனியில் சோதனைப் பிரிவு.

“நாங்க எப்படி டெஸ்ட் பண்றோம் தெரியுமா? ஜூடோ மெத்தையை விரிச்சு, இருபத்தஞ்சு வயசுப் பசங்க தொபுக்குன்னு விழுவானுங்க. பட்டை உடனே கூவும். எல்லாரும் கைதட்டுவானுங்க.”

“சரி, அதுக்கென்ன?” என்றாள் தைமி.

“ஒருநாள் என்னை விழச் சொன்னாங்க. என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு நான் எங்க தொபுக்குன்னு விழறது? நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா சரிஞ்சேன். பட்டை வாயே திறக்கல. நாப்பது தடவை சரிஞ்சேன் தைமி, பதினோரு தடவைதான் கூவுச்சு.”

“வயசானவங்க அப்படித்தானேய்யா விழுவாங்க!”

“அதைத்தான் நானும் சொன்னேன். ‘நீ சரியா விழல ஆன்தெரோ’ன்னு சிரிச்சானுங்க.”

தைமி எழுதிய கட்டுரை அருமையாக அமைந்தது. ஆன்தெரோவின் வரிகள்தான் அதன் முதுகெலும்பு. புதன்கிழமை அவனுக்கு அனுப்பினாள். வியாழன் காலை திரும்பி வந்தபோது எல்லா வரியும் சிவப்பில் அடிபட்டிருந்தது. மிஞ்சியது ஒன்று: “எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.”

தைமி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னய்யா இது? பேரை எடுத்துடறேன். ‘ஊழியர் ஒருவர்’னு போட்டுக்கறேன்.”

“அங்க முட்டி வலிக்கிறவன் நான் ஒருத்தன்தான். நீ ‘மெதுவா’ன்னு எழுதினாலே நான்னு தெரிஞ்சுடும்.”

“எங்கம்மா கையில அதைக் கட்டப் போறாங்க.”

“தெரியும்” என்றான். “வேலை இல்லாம மூணு வருஷம் நான் கிடந்த கிடையைப் பார்த்தவன் உன் பக்கத்துலதானே இருக்கான். அவன்கிட்ட கேளு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த நாட்களில் சூப்பு எடுத்துக்கொண்டு போய் அவன் வீட்டு மணியை அடித்துக்கொண்டே நிற்பேன். பல நாள் கதவு திறக்கவே இல்லை.

ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “போட்டுடு தைமி. சட்டப்படி தப்பில்ல.”

“எழுதிக் குடுத்திருக்கேனே. இதைப் போட்டா அடுத்து ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்.”

“இப்ப திறந்தவன் மட்டும் என்னத்தைக் கிழிச்சான்?”

அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. சோதனை முடிவுகளைக் காட்டச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினாள். எல்லாம் வெற்றி என்று இரண்டு வரி வந்தது. நகராட்சி உறுப்பினர் ஒருத்தியை அழைத்து, வாக்கெடுப்பைத் தள்ளிப்போடக் கெஞ்சினாள்.

“ஆதாரம் இருக்கா?” என்றாள் அந்த அம்மா.

“இருக்கு. ஆனா காட்ட முடியாது.”

“அப்ப இல்லைன்னுதானே அர்த்தம்?”

திங்கட்கிழமை தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் மூன்றே பேர். ரைலோவில் நாலு வரிச் செய்தி போட்டோம். பட்டைக் கம்பெனியின் முதலாளியும் எங்கள் சந்தாதாரர்தான். நடுநிலையான செய்தி என்று பாராட்டி எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு தைமி வெளியே போய்ப் பனியில் நின்றாள். நான் கூப்பிடவில்லை.

ஏப்ரலில் ஹெல்மியின் செவிலியர் கடைசியாக வந்து, பட்டையைக் கட்டிவிட்டுப் போனார். அன்று முதல் தைமி தினமும் காலையில் பதினோரு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து அம்மா வீட்டுக்குப் போகிறாள். எழுந்தாரா, குளியலறையில் சரிந்து கிடக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் திரும்புவாள். வாரம் தவறாமல் வந்த ரைலோ இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு வந்தபோது வருவதாகிவிட்டது. ஏன் தாமதம் என்று வாசகர்கள் கேட்டார்கள். சிலர் விலகினார்கள்.

மே மாதம் ஒரு காலை ஆற்றுப் பாலத்தில் அவளை எதிரே பார்த்தேன்.

“எத்தனை நாளைக்கு இப்படி மிதிப்பே?”

“அம்மா இருக்கற வரைக்கும்.”

சமாதானமாக ஏதாவது சொல்ல நினைத்து, “உங்கம்மாவாவது தப்பிச்சாங்களே” என்றேன்.

“பட்டியல்ல அறுநூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க” என்றாள். “நான் ஒரு வீட்டுக்குத்தான் போறேன்.”

நேரமாகிவிட்டது என்று அவள் பெடலை மிதித்தாள்.