ஓடாத டிவிடியில் மாமா பார்த்த படம்

பேய், ஜின்னு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். ஆனால் இது என் வீட்டில், பட்டப்பகலில், எனக்கே நடந்தது. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, என் வீட்டுக்காரரே நம்பவில்லை.

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில் நானும் மாமாவும்தான். மாமா என்றால் என் கணவரின் வாப்பா. சர்க்கரை முற்றி இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆனால் படம் என்றால் அவருக்கு உயிர். வசனம் அவர் காதில் விழும், பேச்சில்லாத இடங்களை நான்தான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். மடியில் பீடித் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டே சொல்வேன். உண்மையைச் சொன்னால், பாதியை விட்டுவிடுவேன். ஒருத்தி ஐந்து நிமிடம் அழுதால் "அழுதா மாமா" என்று முடித்துவிடுவேன். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

வளைகுடாவில் இருந்த என் கணவர், ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் நாலைந்து ஒரிஜினல் டிவிடி கொடுத்துவிட்டார். எல்லாம் புதுத் தமிழ்ப் படம். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்றுகூட ஓடவில்லை. திரை கறுப்பாகி, நடுவில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து நிற்கும். கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "காப்பி அடிக்காம இருக்கதுக்குப் பூட்டுப் போட்டுருக்கான்க்கா. திருட்டு சிடி போட்டா ஓடும், காசு குடுத்து வாங்குனா ஓடாது."

மாமா விடவில்லை. மகன் அனுப்பியதாயிற்றே. தினமும் மதியம் லுஹர் தொழுததும், "இன்னைக்குப் போட்டுப் பாரு புள்ள" என்பார்.

அன்றைக்கும் கேட்டார். நானோ மூன்று மணிக்குள் பீடியைக் கடையில் கொடுக்கவேண்டிய அவசரத்தில் இருந்தேன். டிவிடியைப் போட்டேன். அதே கறுப்பு, அதே இரண்டு வரி.

"வருதா புள்ள?"

"வருது மாமா, பேரு போடுதான்."

"சத்தத்தையே காணோம்?"

"மொதல்ல சும்மா காட்சிதான் மாமா. பேச்சு பைய வரும்."

அப்படிச் சொல்லிவிட்டு, கண் தெரியாத மனிதரை ஒன்றுமில்லாத திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு ஓடினேன். நான் போவதை அவரிடம் சொல்லக்கூட இல்லை. கடையில் கூட்டம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாவம், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

பூட்டைத் திறந்து உள்ளே போனால் மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கோபத்தில் அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"இன்னைக்குத்தான் புள்ள நீ ஒழுங்காச் சொன்ன. ஒண்ணையும் விடல" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. திரையில் அதே கறுப்பு, அதே இரண்டு வரி. மாமா பாட்டுக்குப் படத்தின் கதையைப் பேசிக்கொண்டே போகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி தகரப் பெட்டியைத் திறந்து, ஒரு மஞ்சள் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்து, மறுபடி மடித்து வைக்கிறாளாம். "அவ பேசவே இல்ல. நீ சொல்லித்தான எனக்குத் தெரியும்? சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்லங்கதைக்கூடச் சொன்னியே."

நான் சமையலறை, குளியலறை, மாடிப்படி என்று எல்லா இடமும் தேடினேன். கொல்லைக் கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது. நான் வீட்டிலேயே இல்லை என்று மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லை. எப்படிச் சொல்வது, அவரை ஏமாற்றிவிட்டுப் போனது நான்தானே! கணவரிடம் போனில் சொன்னேன். "வாப்பாவுக்கு ஒறக்கத்துல கனா வந்துருக்கும்" என்று சிரித்தார். நானும் அப்படியே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து என் தங்கை மாப்பிள்ளை விடுமுறையில் வரும்போது வளைகுடாவிலிருந்தே ஒரு பிளேயர் கொண்டுவந்தார். அதில் அந்த டிவிடி ஓடியது. தங்கையும் பிள்ளைகளும் படம் பார்க்க, நான் அந்தத் தகரப் பெட்டிக்காகக் காத்திருந்தேன். வந்தது. மஞ்சள் சட்டை. இரண்டாவது பொத்தான் இல்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்துபோய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரும் இல்லை, டிவிடியும் இல்லை. டிவியில்தான் எல்லாம். அன்றிலிருந்து நான் எதையும் விடுவதில்லை, ஒருத்தர் செருப்பைக் கழற்றினால்கூடச் சொல்லிவிடுவேன். ஆனாலும் மனுஷிதானே! போன வாரம் பூண்டு உரித்துக்கொண்டே, திரையைப் பார்க்காமல், ஏதோ ஞாபகத்தில் சொன்னேன்: "பச்சச் சேல கட்டிக்கிட்டு படியில எறங்கி வாரா மாமா."

மாமா சிரித்தார். "நீலச் சேலன்னு இப்பதான சொன்ன? அதுக்குள்ள பச்சன்னு சொல்லுத?"

நிமிர்ந்து பார்த்தேன். நீலம்தான்.