கற்பூரம் கண்ட காப்பி உமி

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், மூடி வைப்பேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான்; கடைச் சீட்டுக்கு மேல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. அதுகூடப் போகட்டும், இதில் எங்கள் சேர்வராயன் சாமி வருகிறார். தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுகிற சாமியை இழுத்து வைத்துச் சிரிப்பு மூட்டினால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். கடைசியில் என் வீட்டுக்காரிதான் தைரியம் கொடுத்தாள். "அன்னிக்கு நடந்ததப் பாத்து மொதல்ல சிரிச்சதே அவராத்தானுங்க இருக்கும். எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சேர்வராயன் மலையில், தலைச்சோலைப் பக்கம். ஊரைத் தாண்டினால் ஒரு பழைய பண்ணை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஆரஞ்சும் பேரியும் காப்பியும் போட்டு, கருங்கல்லில் மாட்டுக் கொட்டகை கட்டி, ஆண்டு அனுபவித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பிறகு கைமாறிக் கைமாறி, நான் குடும்பஸ்தனான சமயத்தில் அது பூங்காவாகிவிட்டது. துரை காலத்துக் காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரத்துக்குச் சாயம் அடித்து, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்தார்கள். பலகை வைக்கும் வரை அதை ஒருவரும் தொட்டதில்லை. வைத்த பிறகு சேலத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் தொட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பூங்காவில் பருவத்துக்கு ஒரு விழா நடக்கும். ஆடி மழைக்கு மரம் நடுவது, கார்த்திகையில் காப்பிப் பழம் பறிப்பது, வெயில் காலத்தில் கோடை விழா. எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரிலிருந்து போய் வேலை செய்வோம். கூலி கிடையாது. கூலி இல்லாத வேலைக்கு அங்கே 'தொண்டு' என்று மரியாதையான பெயர். குழி வெட்டுவது நாங்கள், செடி சுமப்பது நாங்கள். எஸ்டேட் அம்மாக்கள் வந்து பூவாளியைச் சாய்த்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தண்ணீர் செடியில் விழாது. என் மச்சான் காலில் விழும். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன், என் அக்காவைக் கட்டியவர். "மாப்ள, எனக்கு வேர் புடிச்சிருச்சு. இனி ஊட்டுக்கு வரமாட்டன்னு உங்க அக்காகிட்டச் சொல்லீரு" என்பார்.

தரும சிந்தனையில் போய் உழைத்தோம் என்று பெருமையடிக்க முடியாது. எங்களுக்கு அங்கே ஒரு காரியம் இருந்தது. பண்ணை நடுவில் ஒரு பாறைக்களம், பந்திப்பாய் விரித்ததுபோல் வழவழவென்று கிடக்கும். துரை காலத்திலிருந்து எங்கள் ஊர்ச் சாமையையும் ராகியையும் அதன்மேல்தான் மாடு கட்டி மிதித்துத் தூற்றுவோம். நாங்கள் விதைக்கிற காடெல்லாம் சரிவு. முறத்தை வைத்தால் முறம் உருளும். களம் கைவிட்டுப் போனால் கதிரைத் தார்ரோட்டில் போட்டு பஸ்ஸை மிதிக்கவிட வேண்டியதுதான். பிறகு வருஷம் முழுக்கச் சோற்றில் கல் பொறுக்க வேண்டியதுதான்.

புதிதாக வந்த சூப்பரண்டுக்கு அந்தப் பாறையைப் பார்த்ததும் வண்டி நிறுத்துகிற ஆசை வந்துவிட்டது. நல்ல மனுஷர்தான். கீழ்நாட்டுக்காரர், அதாவது சமவெளிக்காரர். சமமாக எதைப் பார்த்தாலும் அதில் ஜீப்பை ஏற்றத் தோன்றும் அவருக்கு.

"வருஷத்துல கொஞ்ச நாள்தான் கதிரடிக்கிறீங்க. மிச்ச நாள் சும்மாதானே கிடக்குது?" என்றார்.

"ஏனுங்க, சாமிக்குப் பொலி போடற எடமுங்க. செருப்புக் காலோட நாங்களே ஏற மாட்டமுங்க" என்றேன்.

"செருப்பு வேற, டயர் வேற."

"ஆமாமுங்க, டயருக்கு வெரலு இல்லீங்க" என்றார் மச்சான்.

சூப்பரண்டு யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். கோடை விழாவுக்குச் சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். அவர் முன்னால் கதிரடிப்பதை நாங்கள் செய்துகாட்ட வேண்டும். அவருக்குப் பிடித்துப்போனால் களம் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் வண்டிகளுக்கு.

"கோடையில சாமைக் கதிருக்கு எங்கீங்க போறது? அது அறுத்து நொம்ப நாளாச்சுங்களே" என்றேன்.

"நடிச்சுக் காட்டுங்க, போதும்."

நடிக்க ஏற்பாடு செய்தோம். போன அறுப்பில் மிதித்த சாமைத் தாளையே மறுபடி மிதிப்பது. குவித்த தானியத்தை நாங்கள் பொலி என்போம். அந்தப் பொலிக்கு எஸ்டேட்டிலிருந்து காப்பி உமியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குவித்தோம். ஊட்டுக்கு ஒரு முறம் சாமை வாங்கி மேலே தூவினோம். தூரத்திலிருந்து பார்த்தால் சாட்சாத் லட்சுமி. கையை விட்டால் முழங்கை வரை உமி.

எனக்கு மட்டும் ஒரு சங்கடம். பொலி குவித்தால் அதைச் சுற்றித் திருநீற்றால் கோடு போட்டு, கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். கற்பூரம் காட்டியதிலிருந்து, பொலியை அடிவரை அளந்து முடிக்கும் மட்டும் ஊரில் ஒருத்தர் வாய் திறக்கக் கூடாது. பேசினால் பொலி குறைந்துபோகும். வள்ளம் என்கிற படியால் அளக்கிறவர் மட்டும் எண்ணிக்கை சொல்லலாம். அதிலும் முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். அந்த முதல் வள்ளம் சாமிக்கு. இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஆகவே நான் சூப்பரண்டிடம் கறாராகச் சொன்னேன்: "பொலி பொய்யிங்க. அதனால கற்பூரம் கெடையாது. வெறுந் தட்ட ரெண்டு சுத்துச் சுத்துவன். அவ்வளவுதான்."

"தட்டு இருந்தாப் போதும். கற்பூரத்தை யாரு பாக்கப் போறா?" என்றார் அவர்.

விழா அன்று நல்ல கூட்டம். பலூன்காரன், ஐஸ்காரன், மைக் செட், பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியம். ஏற்கெனவே மிதித்த தாளை மறுபடி மிதிக்க எங்கள் மாடுகளே கூச்சப்பட்டு ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அதிகாரி மாலையும் கழுத்துமாகக் களத்தோரம் வந்து நின்றார். சூப்பரண்டு கண்ணைக் காட்டினார். நான் பின்னால் கையை நீட்டி வீட்டுக்காரியிடம் தட்டு கேட்டேன்.

வந்த தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். "வெறுந் தட்டயா சாமிக்கு நீட்டுவாங்க?" என்று கிசுகிசுத்தாள்.

கையில் எரிகிற கற்பூரம். எதிரே சேர்வராயன் மலை. வாயால் ஊதி அணைக்க முடியுமா? காட்டினேன். காட்டியதும் கை தானாகத் திருநீற்றை எடுத்துக் கோடு போட்டுவிட்டது. எங்கள் சனம் மொத்தமும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயை மூடியது. கைக்குழந்தை உட்பட. இது சத்தியம்.

"ரொம்ப நல்லா இருக்கு. இது என்ன தானியம்?" என்று கேட்டார் அதிகாரி.

"ஐயா கேக்கறாருல்ல, சொல்லுங்க" என்றார் சூப்பரண்டு. நான் வானத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரியைக் கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்து வள்ளத்தை எடுத்தார்.

"லாபம்" என்றார்.

"லாபமா? யாருக்கு லாபம்?" என்றார் அதிகாரி.

"ரெண்டு" என்றார் மச்சான்.

சூப்பரண்டு என் காதருகே வந்து, "உங்க காலைப் புடிச்சுக்கறேன், ஒரு வார்த்தை பேசுங்க" என்றார். பேச முடியாது. பேச வேண்டுமென்றால் பொலியை அடிவரை அளக்க வேண்டும். அளந்தால் உமி தெரிந்துவிடும். உமி தெரிந்தால் களம் போச்சு. விஷயம் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வாய் கட்டு. வாய் உள்ளவர்களுக்கு விஷயம் தெரியாது. மச்சான் பாலின் மேலாடையை எடுப்பதுபோலச் சாமையை மட்டும் வழித்து வழித்து வள்ளத்தில் போட்டார். ஒவ்வொரு எண்ணையும் ராகம் இழுத்துச் சொன்னார். அதிகாரி போய்விடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க சூப்பரண்டு, மௌனப் போராட்டமா? எதுக்கு? என்ன கோரிக்கை?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க ஐயா..."

"ஒண்ணும் இல்லாமயா ஒரு ஊரே வாயை மூடிக்கிட்டு நிக்குது?"

சூப்பரண்டு சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்தார். "இந்தப் பாறையில வண்டி நிறுத்தலாமுன்னு... சும்மா ஒரு யோசனைங்க ஐயா."

அப்போது மச்சானின் வள்ளம் 'சரக்' என்று உமியில் இறங்கியது. மேலே வந்தபோது அதில் ஒரு மணி சாமை இல்லை. கூட்டத்தில் யாரோ "அட, உமி!" என்றார்கள். மச்சான் வள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். கற்பூரம் கண்டதை அளக்காமல் விடக் கூடாது. உமியைச் சாக்கில் கொட்டிவிட்டு, கொஞ்சமும் குரல் மாறாமல் எண்ணிக்கை சொன்னார். அடுத்த வள்ளமும் உமி. அதற்கும் எண்ணிக்கை.

அதிகாரி எழுந்து பாறையோரம் வந்து குனிந்து பார்த்தார். சூப்பரண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"மேல கொஞ்சம் தானியம். கீழ எல்லாம் உமி" என்றார் அதிகாரி மெதுவாக. "புரியுதா உங்களுக்கு? களத்தை எடுத்துட்டா எங்களுக்கு உமிதான் மிச்சம்னு சொல்றாங்க. வாயைத் திறக்காமச் சொல்றாங்க!"

அப்படி இல்லீங்க என்று சொல்ல நாக்கு துடித்தது. எப்படிச் சொல்வது? மச்சான் அப்போதும் அளந்துகொண்டிருந்தார்.

"இந்தப் பாறை மேல ஒரு சைக்கிள்கூட நிக்கக் கூடாது. இவங்க களம் இவங்களுக்குத்தான். இன்னைக்கே உத்தரவு போடறேன்."

அவர் சொல்லி முடிக்கவும் மச்சான் கடைசி வள்ளத்தைக் கொட்டவும் சரியாக இருந்தது. அளந்து முடித்தால் ஊரே குரல் கொடுக்க வேண்டும். அத்தனை நேரம் அடக்கிவைத்த வாயெல்லாம் ஒன்றாகத் திறந்தது: "பொலியோ பொலி! கோவிந்தா! கோவிந்தா!" தனக்குத்தான் என்று நினைத்து அதிகாரி நாலு பக்கமும் கும்பிட்டார். பேண்டு வாத்தியக்காரர்கள் வேறு முழக்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லுவதற்குள் அவர் கார் சில்வர் ஓக் மரங்களைத் தாண்டிவிட்டது.

சூப்பரண்டு தொப்பென்று பாறையில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, செருப்பு" என்றார் மச்சான். சூப்பரண்டு கழற்றிப் போட்டார்.

"நெசமாவே போராட்டமாங்க அது?"

"இல்லீங்க, கற்பூரமுங்க" என்றேன். அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் உத்தரவு வந்தது. அந்த மார்கழியில் நிஜச் சாமையை அங்கேயே மிதித்தோம். அன்று மாட்டின் பின்னால் நடக்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதிகாரி கேட்டபோது வாய் திறந்திருந்தால் நான் உளறியே களத்தைத் தொலைத்திருப்பேன். என் சாமி என்னை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார், வாயைக் கட்டிவிட்டார். விழாவில் லாபம் என்று அளந்த சாமையை அப்போதே கோயிலில் சேர்த்திருந்தோம். கற்பூரம் கண்ட உமியைக் குப்பையில் போட மனசு வராமல் ஆளுக்குக் கொஞ்சம் காட்டில் போட்டோம்.

இப்போது மஞ்சக்குட்டையிலிருந்து குப்பனூர் வரை இந்தக் கதை வேறு மாதிரி நடமாடுகிறது. ஊரே திட்டம் போட்டுப் போராடியதாம். என் மச்சான் பட்டினி கிடந்தாராம். அன்று காலை அவர் தின்ற எலுமிச்சைச் சோற்றுக்கு நான் சாட்சி. ரோடு கேட்டுப் போராட என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டு ஒரு கட்சிக்காரர் ஜீப்பில் வந்துபோனார். ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாலு பேரிடம் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். எங்கள் வாயில் கோஷம் எதையும் வைக்காதீர்கள். என் வீட்டுக்காரி ஏற்றிய கற்பூரத்தை விட்டுவிடாதீர்கள். உமியை உமி என்றே சொல்லுங்கள்.