பச்சைச் சுவரும் கேன் தண்ணீரும்

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பவர் மேல் பழியைப் போட்டுவிடுவேன், யோசிப்பதெல்லாம் அப்புறம்தான். அன்று எதிரில் நின்றவர் பெயின்டர் அண்ணன்.

முத்தியால்பேட்டையில் ஒரு சின்னப் பெயின்ட் பட்டறையில் நான் கெமிஸ்ட். தவளக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறேன். முதலாளியை எல்லோருக்கும் பாய் என்றால்தான் தெரியும். வெள்ளைப் பெயின்டுக்கு உயிர் டைட்டானியம் பவுடர். அதன் துகள்கள் கட்டிக்கொண்டால் அடியில் இருக்கும் நிறம் மறையாது. ஒவ்வொரு துகளுக்கும் அலுமினாவில் மெல்லிய சட்டை ஒன்றை மாட்டிவிட்டால் விலகி விலகி நிற்கும். கொஞ்சம் பெயின்டே நன்றாக மறைக்கும். அந்தச் சட்டையை நாமே மாட்டலாம் என்று பாயிடம் வாய்ச்சவடால் விட்டவள் நான்தான்.

முதலில் கண்ணாடிக் குடுவையில் கொஞ்சமாகச் செய்து, பெயின்டில் கலந்து, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அட்டையில் பூசிப் பார்த்தேன். கறுப்புப் பட்டை இருந்த இடமே தெரியவில்லை. பாய்க்கு வாயெல்லாம் பல்.

"ரம்ஜானுக்கு நம்ம வீட்டு முன்சுவத்துல அடிப்போம்மா. தேறுச்சுன்னா தொடர்ந்து செய்வோம். இல்லன்னா பழையபடி பவுடர வெளியிலயே வாங்கிக்கலாம்."

வெளியில் வாங்கினால் பட்டறைக்குக் கெமிஸ்ட் எதற்கு?

சுவரோ கரும்பச்சை. "ரெண்டு கோட் அடிச்சும் பச்ச தெரிஞ்சா, கடையில கம்பெனி பெயின்ட்தான் வாங்கணும்" என்று பாயின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், முன்கூட்டியே சொல்லிவிட்டார். வாசலுக்கு இடப்பக்கம் இரண்டு கோட்டும் அடித்துக் காயவிட்டோம். பச்சை நன்றாகவே தெரிந்தது.

"தண்ணிய ஊத்தி ஊத்தி அடிச்சா எப்படிண்ணே மறைக்கும்?" என்று பெயின்டர் அண்ணன் மேல் பாய்ந்தேன்.

அவர் பிரஷ்ஷை வாளியில் போட்டார். "நான் ஊத்துனது ரெண்டே டம்ளர் பாப்பா. பட்டறைக்கு வந்தப்ப பாத்தேனே, நீ டிரம் டிரம்மா போர்த்தண்ணி ஊத்திப் பவுடரக் கழுவுனியே, அத யாரு கேக்கறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டை மாட்டும்போது உண்டாகும் உப்பைக் கழுவித்தான் ஆக வேண்டும். குடுவையில் செய்தபோது காய்ச்சி வடித்த நீர். மூட்டைக் கணக்கில் செய்தபோது கை தானாகப் போர்க் குழாய்க்குப் போய்விட்டது. கடலோர ஊர், அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. டீ போடக்கூடக் கேன் தண்ணீர் கேட்கிறவள், உப்புத் தண்ணீரில் உப்பைக் கழுவியிருக்கிறேன். உப்பு தங்கினால் துகள்கள் கட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? அவமானமாக இருந்தது, அதைவிடச் சிரிப்பு வந்தது.

"தப்பு என்னோடதுதாண்ணே, மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் பீடி பற்றவைத்தார். பாயிடம் கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கினேன். மறுநாள் பவுடரைக் கழுவ வரவழைத்த தண்ணீர்க் கேன்களை இறக்கிய ஆள், "பட்டறையிலயா கல்யாணம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதுப் பெயின்டை வலப்பக்கச் சுவரில் அடித்தோம். இரண்டாவது கோட் காயும்வரை என்னால் உட்கார முடியவில்லை. அக்கா சுவரை ஒட்டிப் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். பச்சை எங்குமே இல்லை.

உள்ளே போனவர், ஒரு கம்பெனி பெயின்ட் டப்பாவுடன் வந்தார். எங்களை நம்பாமல் முன்பே வாங்கி, மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாராம். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "இது இனிமே எதுக்கு? உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று அக்கா அதைப் பெயின்டர் அண்ணனிடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது வேணாம்மா. பாப்பா கலக்குனதுல மிச்சம் இருந்தா, அதக் குடுங்க."