சீட்டுக் கம்பியில் இரண்டு கோடுகள்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நெடுநெடுவென்று உயரம். கூட வேலை செய்கிறவர்கள் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட்காரருக்கு ஏணி என்று பெயரா என்று கேட்டால், "லிஃப்ட் நின்னா ஏணிதானே வேணும்" என்பார். இருபத்தாறு வருடம் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டடம் கட்டடமாக நடந்தார். முழங்கால் தகராறு செய்த பிறகுதான் மடக்கு சைக்கிள் வாங்கும் எண்ணம் வந்தது.

வாங்குவதற்குள் நாலு மாதம் ஓடிவிட்டது. வேலைக்குப் போக, சும்மா சுற்ற, ரயிலில் ஏற்றி வெளியூர் போக, மூன்றுக்கும் ஒரே வண்டி வேண்டும் என்றார். சின்னச் சக்கரம் கைக்கு அடக்கம், ஆனால் பள்ளத்தில் இடுப்பை ஒடிக்கும். பெரிய சக்கரம் சொகுசு, மடித்தாலும் குண்டாக நிற்கும். கடைசியில் மடித்த சைக்கிளின் அளவில் ஒரு அட்டைப்பெட்டி செய்து, அதே எடைக்குப் பழைய இரும்பைப் போட்டு, ஒரு வாரம் ரயிலிலும் லிஃப்ட்டிலும் சுமந்து பார்த்தார்.

"என்ன சார் பெட்டிக்குள்ள?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"சைக்கிள்."

"எங்க, காட்டுங்க!"

"இன்னும் வாங்கலயே."

கடைக்கு நானும் போனேன். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொண்டால், அவர் ஓய்வு பெற்றதும் இன்னொன்று வாங்கி இரண்டு பேருமாக ரயிலேறலாம் என்று ஒரு ஆசை. ஏறிப் பார்க்கட்டுமா என்றேன்.

"உன் உயரத்துக்கு இந்த சீட்டு இறங்காதும்மா. விழுந்து கைய கால ஒடச்சிக்காத."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பம்பு எடுத்து வர உள்ளே போனார்.

அந்த சைக்கிளை மடிப்பது ஒரு வித்தை. மூன்று வாரம் விரலை நசுக்கிக்கொண்டுதான் அவருக்கே பழகியது. மடிக்கும்போது சீட்டை அடிவரை இறக்க வேண்டும். விரிக்கும்போது திரும்ப ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் உயரத்தை அளக்காமல் இருக்க, என் நகப்பாலிஷை வாங்கி சீட்டுக் கம்பியில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். தினம் இரண்டு வேளை அந்த சீட்டு அடிவரை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். இறங்காது என்றாரே என்று ஒருநாளும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். "யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க" என்று சட்டையை மாட்டுவார். பாவம், சீக்கிரம் போங்க என்று நானே கதவைத் திறந்துவிடுவேன்.

ஐந்து வாரத்துக்கு முன், வேலைக்குப் போன கட்டடத்தில், மூச்சு வாங்குகிறது என்று படிக்கட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட்டாளிகள் சைக்கிளை விரித்தபடியே உருட்டி வந்து கூடத்தில் நிறுத்தினார்கள். மடிக்க ஒருவருக்கும் தெரியவில்லை.

போன வாரம் என் தங்கை அவர் துணிகளை ஒழிக்க உதவிக்கு வந்தாள். "நடக்கற வழியில நிக்குது பாருக்கா" என்று பேசிக்கொண்டே பெடலை மடக்கினாள், சீட்டை இறக்கினாள், கைப்பிடியைச் சாய்த்தாள், பின்சக்கரத்தைக் குதிகாலால் லேசாக ஓர் உதை விட்டாள். சைக்கிள் பூனைக்குட்டி மாதிரி சுருண்டுகொண்டது. அந்த உதை அவருடைய உதை.

"இத எப்ப கத்துக்கிட்ட?"

"எத?"

"அந்த உதைய."

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமாதான்… ஞாயித்துக்கிழமைல ஓட்டக் கத்துக்குடுத்தார். சத்தியமா வேற ஒண்ணும் இல்லக்கா. நான் ஓட்டுவேன், மாமா பின்னாடியே ஓடி வருவார். அவ்ளோதான்."

"அந்த முழங்கால வச்சுக்கிட்டா?"

அவள் குனிந்து மடித்த சைக்கிளைச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

"எங்கிட்ட ஏன்டி மறைச்சீங்க?"

"சொன்னா நீயும் வரேன்னு சொல்லுவ…" என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேறொன்றும் இல்லை என்பதை நம்புகிறேன். இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். இதற்கு எப்படிக் கத்துவது என்று தெரியவில்லை.

அவள் போன பிறகு, கைக்குக் கிடைத்த இடமெல்லாம் இழுத்து சைக்கிளை விரித்தேன். சீட்டைச் சிவப்புக் கோடுவரை ஏற்றினேன். சீட்டுக்கு அடியில் எப்போதும் கட்டியிருக்கும் சிறு பையை அவிழ்த்தேன். பை மறைத்த இடத்தில் இன்னொரு கோடு. ஊதா. தங்கையின் நகங்களில் பார்த்த ஊதா. சீட்டை அந்தக் கோட்டுக்கு இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. சின்ன வயதிலிருந்தே அவளும் நானும் ஒரே உயரம். ஒருத்தி பாவாடையை இன்னொருத்தி கட்டிக்கொள்வோம்.

என்னால் அதைத் திரும்ப மடிக்க முடியவில்லை. நேற்று அவள் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வரட்டுமாக்கா? வண்டிய மடிச்சு வச்சிட்டுப் போறேன்."

"வேணாம்," என்றேன். "யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க."

போனை வைத்துவிட்டு, சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.