சனீஸ்வரனும் மாமாவின் வழுக்கையும்

என் மகனுக்கு மூன்றாம் மாதம் கன்னங்கள் இரண்டும் சிவந்து, வெடித்து, நீர் வடியத் தொடங்கியது. உடனே கனடாவில், மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு வைத்தியர் கூட்டமே வந்து சேர்ந்தது. அதில் ஒருவர்கூட வைத்தியம் படித்தவர் இல்லை.

"உது கரப்பன். நீர் கத்தரிக்காய் சாப்பிட்டனீரோ?" என்று பக்கத்துத் தெரு அன்ரி என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். இன்னொரு அன்ரி வேப்பிலையை அரைத்துப் போத்தலில் கொண்டு வந்தார். மூன்றாவதாக வந்த அங்கிள், இதெல்லாம் கனடாத் தண்ணீரின் வேலை என்றும், ஊருக்குக் கொண்டு போனால் விமானத்தில் ஏறும்போதே மாறிவிடும் என்றும் சொன்னார். அவர் ஊரைவிட்டு வந்து முப்பது வருடம். ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை.

தோல் டொக்டர் எக்ஸிமா என்றார். எக்ஸிமாப் பிள்ளை வளர்ப்பது முழுநேர வேலை, லீவு கிடையாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காய முன்னர் சிவந்த இடத்துக்கு மருந்துக் கிரீம், மற்ற இடமெல்லாம் களி போன்ற ஒரு தடித்த கிரீம். மோசமான நாட்களில் அதற்குமேல் ஒரு ஈரச் சட்டை, அதற்குமேல் ஒரு காய்ந்த சட்டை. சொறியாமல் இருக்கக் கைகளுக்கு உறை. இவ்வளவும் முடிந்தபின் பிள்ளை பட்டர் பூசிய பாண் போல வழுக்குவான். எங்கள் வீட்டில் கதவுக் கைப்பிடி, ரீவி ரிமோட், கார் ஸ்டீயரிங் எல்லாம் அப்படித்தான் வழுக்கின. என் கல்யாணச் சேலையில்கூட ஒரு கிரீம் அடையாளம் இருக்கிறது. அது அலுமாரிக்குள் எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது.

இந்த வேலையில் எனக்கு இருந்த ஒரே துணை என் மாமா, கணவரின் அப்பா. மாமி காலமானபின் எங்களோடு வந்து இருக்கிறார். கணவருக்கு இரவு வேலை, பகலில் நித்திரை. ஆகவே பகல் முழுவதும் நான், பிள்ளை, மாமா. கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து எனக்கும் மாமாவுக்கும் அவ்வளவு ஒட்டவில்லை. அவர் கும்பிடாத சாமி இல்லை, நான் கேலி செய்யாத சாமி இல்லை. ஆனால் பேரன் என்று வந்தால் மனுசன் எள் என்றால் எண்ணெயாக நிற்பார். பிள்ளை சிணுங்கினால் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பார். பிள்ளையும் லேசுப்பட்டவன் இல்லை. மாமாவின் வழுக்கைத் தலையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, கன்னத்தை அதன்மேல் வைத்து, நாக்கை நீட்டி ஐஸ்பழம் மாதிரி நக்குவான். மாமா கண்ணை மூடிக்கொண்டு அருள் வந்தவர் போல நிற்பார். நான் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் பிடிபட்டது. கிழமை முழுவதும் கிரீமுக்கு அடங்கிக் கிடக்கும் தோல் சனிக்கிழமை மத்தியானத்தில் கொதிக்கத் தொடங்கும். வாயைச் சுற்றித் தடிப்பு, கன்னத்தில் தடிப்பு, கையுறையைக் கழற்றினால் உள்ளங்கையிலும் தடிப்பு. ஞாயிறு முழுவதும் சொறிச்சல், செவ்வாயளவில் தணியும், திரும்பவும் சனி வரும்.

"பாரும் பிள்ளை, சனிக்கிழமை, சனிக்கிழமை," என்றார் மாமா கலண்டரைத் தட்டி. "உது ஆரின்ர வேலை எண்டு நான் சொல்லத் தேவையில்லை."

"சனிக்கிழமையில வீடு கூட்டுறம் மாமா. தூசியாயிருக்கும்," என்றேன்.

வீடு கூட்டுவதை வெள்ளிக்கு மாற்றினேன். சலவைச் சவர்க்காரத்தை மாற்றினேன். சனிக்கிழமை ஆட்டிறைச்சி காய்ச்சுவதை நிறுத்தினேன். பால் கொடுப்பதால் முட்டை, மீன், இறால், பால் தேநீர் என்று ஒவ்வொன்றாக நானே என் வாயில் இருந்து பிடுங்கிக்கொண்டேன். கடைசியில் சோறும் பூசணிக்காயும் நானும் மிஞ்சினோம். சனிக்கிழமை மட்டும் தவறாமல் வந்தது. மாமா தலையை ஆட்டினார். எனக்குத் தெரியாமல் சாதகம் பார்க்கும் யாரோ ஒரு சாத்திரியிடம் பேசியிருக்கிறார் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும்.

அவனுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் உதடு வீங்கியது. என் கண்ணுக்கு முன்னாலேயே வீங்கியது. உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, அழக்கூடச் சக்தி இல்லாமல் என் தோளில் சரிந்தான். அம்புலன்சில் வந்தவர்கள் தொடையில் ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவன் பழையபடி என் மூக்கைப் பிடித்து இழுக்கும்வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு நினைவில்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

பிறகு அலர்ஜி டொக்டர் அவன் முதுகில் வரிசையாகப் பொட்டு வைத்துக் கீறிப் பார்த்தார். முட்டைக்கு ஒன்றுமில்லை. பாலுக்கு ஒன்றுமில்லை. இறாலுக்கும் ஒன்றுமில்லை. மாதக்கணக்காக நான் பூசணிக்காய் தின்றது வீண். ஒரு பொட்டு மட்டும் இட்லி போல உப்பி வந்தது.

"எள்ளு," என்றார் டொக்டர். "இந்தத் தடவை உதட்டோடு போயிற்று. அடுத்த தடவை தொண்டைக்குப் போகலாம். எங்கிருந்து அவனிடம் வருகிறது என்று கண்டுபிடியுங்கள்." கையில் இரண்டு அட்ரினலின் ஊசிகளுக்கான சீட்டைத் தந்தார்.

வீட்டுக்கு வந்து நான் ஒரு யுத்தமே நடத்தினேன். நல்லெண்ணெய்ப் போத்தல் போனது. எள்ளுருண்டை, எள்ளுப்பாகு, தோசைப்பொடி, ஹமஸ், எள்ளுத் தூவிய பணிஸ் எல்லாம் போனது. அன்ரிமாருக்கெல்லாம் போன் போட்டு, எள்ளுச் சாமானோடு வாசலை மிதித்தால் காலை முறிப்பேன் என்று மரியாதையாகச் சொன்னேன். மாமா கூடவே நின்று குப்பைப் பைகளைக் கட்டித் தந்தார். "எங்கட சாப்பாட்டில இருந்த எள்ளுத்தான் பிள்ளைக்குள்ள போயிருக்கு," என்று பெருமூச்சும் விட்டார். இனிச் சனிக்கிழமை வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. தடிப்பும் வந்தது.

நல்லகாலம், வாயைச் சுற்றி மட்டும்தான். மருந்து கொடுத்துவிட்டு, அவனை மடியில் வைத்துக்கொண்டு, நான் ஒரு பொலிஸ் நாய் மாதிரி அவனை மோந்து பார்க்கத் தொடங்கினேன். காலில் கிரீம் மணம். வயிற்றில் கிரீம் மணம். கையில், கன்னத்தில், லேசாக, கருகிய எண்ணெய் மணம். அந்த மணம் எனக்குத் தெரியும். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். எதிரே மாமா, கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கவலையோடு இருந்தார். வெயில் பட்டு அவர் வழுக்கை மினுங்கியது.

நான் எழுந்து போனேன். மருமகள் மாமனாரின் வழுக்கைத் தலையில் மூக்கை வைத்து மோந்து பார்த்த சம்பவம் எங்கள் பரம்பரையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"மாமா, தலையில என்ன?"

அவர் தரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கன்னம் வெடித்த முதல் கிழமையே சாத்திரி சொன்னாராம், பிள்ளைக்குச் சனி தோஷம், அதுதான் தோலில் காட்டுகிறது என்று. ஒரு வயது முடியும்வரை சனிக்கிழமை தோறும் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்பதாக மாமா நேர்த்தி வைத்திருக்கிறார். கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, சின்ன மண் சிட்டியில் வைத்து, மேலே எண்ணெய் விட்டுக் கொளுத்துவது. சனிக்கிழமை காலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பஸ் பிடித்தது கோயிலுக்கு. கையில் ஒட்டிய எண்ணெயைச் சும்மா துடைக்கலாமா? சாமி எண்ணெய். அதைத் தலையில் தேய்த்து, மேலே தொப்பியைப் போட்டு, வீட்டுக்கு வந்து, பேரனைத் தோளில் ஏற்றுவார்.

"வருத்தம் கூடக் கூட, நானும் சிட்டியைக் கூட்டினனான்," என்றார். "முதல் ஒண்டுதான் வைச்சனான். இப்ப ஒன்பது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன். குரங்கை ஒன்பதாகப் பிடித்த கதையை அன்றுதான் கேட்டேன்.

"நெருப்பை அணைக்கிறன் எண்டு பெற்றோல் ஊத்தியிருக்கிறீங்கள் மாமா! எள்ளு, எள்ளு எண்டு அந்த டொக்டர் கத்தினது உங்கட காதில விழேல்லையோ?"

"அது சாப்பிடுற எள்ளெண்டெல்லோ நினைச்சன். சாமிக்கு எரிக்கிற எள்ளு பிள்ளையை என்ன செய்யும் எண்டு…" எழுந்து பேஸ்மன்டுக்குப் போனார். கீழே தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைப் போட்டுத் தலையைத் தேய்த்திருக்கிறார். மேலே வந்தபோது வழுக்கை தக்காளிப்பழமாகச் சிவந்திருந்தது.

அன்றிலிருந்து அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. பிள்ளை தவழ்ந்து போய் அவர் காலைப் பிடிப்பான். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்றப் பக்கம் பார்ப்பார். இனிக் கோயிலுக்கும் போவதில்லை என்றிருந்தார். "நேர்த்தியை இடையில விட்டா அது பிள்ளையிலதான் விழும்," என்று கணவரிடம் சொல்லி அழுதாராம். தேங்காயெண்ணெய் எரிக்கலாமே என்று கணவர் கேட்டதற்கு, "சனீஸ்வரனுக்குத் தேங்காயெண்ணெயோ? ஆட்டிறைச்சி கேட்டவனுக்குக் கீரைக்கறி வைச்ச மாதிரி," என்றாராம். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனிசர் என்ன செய்வது? கிரீம் பூசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பிள்ளை கையை நீட்டி நீட்டி ஏமாறுவதைப் பார்க்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் புறப்பட்டேன். கணவர் மேலே நித்திரை. பிள்ளையை விளையாட்டுக் கூட்டுக்குள் விட்டு, பக்கத்தில் மாமாவை இருத்தினேன்.

"எங்கை போறீர்?"

"உங்கட ஆளைப் பாக்க."

எங்கள் கோயில் ஒரு கார் திருத்தும் கராஜுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பழைய மழைக்கோட்டு, தலையில் குளியல் தொப்பி, கையில் ரப்பர் கையுறை, கொளுத்துவதற்குப் பார்பிக்யூ லைட்டர் சகிதம் உள்ளே போனேன். "கொரோனா திரும்ப வந்திட்டுதோ?" என்று ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். ஐயரிடம், நம்பிக்கை இல்லாத ஆள் எரித்தால் நேர்த்தி செல்லுமா என்று விசாரித்தேன். "எண்ணெய் எரியுமெல்லே அம்மா, அது காணும்," என்றார் ஐயர்.

ஒன்பது சிட்டியையும் கொளுத்திவிட்டு, மூலையில் கறுப்புத் துணி கட்டிக் காகத்தோடு நின்றவரை நேருக்கு நேர் பார்த்தேன். உமக்கு எள்ளுப் பிடிக்கும், என் பிள்ளைக்கு எள்ளு ஆகாது. உமக்கு வேண்டியதை நானே கொண்டு வந்து தாறன். அந்தக் கிழவனை விட்டுவிடும். அவருக்குப் பிள்ளையைத் தூக்க வேணும். இவ்வளவும்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. புகையாக இருக்கும்.

வீட்டுக் கராஜ் கதவைத் திறக்கவே பிள்ளையின் அழுகை கேட்டது. கூட்டுக் கம்பியைப் பிடித்து எழும்பி நின்றுகொண்டு, இரண்டு கையையும் மாமாவை நோக்கி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தான். மாமா கைகளைப் பின்னால் கட்டியபடி அவனோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"மாமா, பிள்ளையைத் தூக்குங்கோ."

"நான்…"

"நான் தூக்கேலாது. என்னிலதான் இப்ப எள்ளெண்ணெய். நேர்த்தியை இனி நான் பாக்கிறன். நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ."

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து எனக்குக் காட்டினார், சாப்பிட முன்னர் கை கழுவியதைக் காட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை போல. பிறகு தூக்கினார். பிள்ளை விக்கிக்கொண்டே நேராக அவர் தோளில் ஏறி, வழுக்கையைக் கட்டிப் பிடித்து, நாக்கை நீட்டினான். நான் போய் முழுகிவிட்டு வந்தேன். இருவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் போனது, பின்னேரம் போனது, ஒரு தடிப்பும் இல்லை.

"பாத்தீரோ பிள்ளை," என்றார் மாமா மெதுவாக. "சனீஸ்வரன் இறங்கிட்டார்."

நல்லதாக நாலு சொல்ல வாயைத் திறந்தேன். பிள்ளை கையுறை இல்லாமல், அவர் தலையில் கன்னத்தை வைத்து நித்திரையாகிக் கிடந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அவன் ஒரு வயது முடியும்வரை சனிக்கிழமை தோறும் நான்தான் எள்ளெண்ணெய் எரித்தேன், பனியிலும்கூட. திரும்பி வரும்போது மாமா பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கராஜ் கதவில் காவல் நிற்பார். பிள்ளை என்னைக் கண்டு கையை நீட்டித் தாவுவான். அவர் அவனை மற்றப் பக்கம் திருப்பிவிடுவார்.

"எட்ட நில்லும் பிள்ளை. எள்ளு மணக்குது. முதல்ல முழுகும்."

என் பிள்ளையை என்னிடமே தரமாட்டேன் என்ற அந்த மனிதர்மேல் எனக்கு அப்போதுதான் அன்பு வந்தது. சரி மாமா என்று சொல்லிவிட்டு முழுகப் போவேன். "காதுக்குப் பின்னாலையும் தேய்ச்சு முழுகும்," என்று பின்னால் சத்தம் வரும்.