பப்பை இடிக்க வேண்டாம் என்றவர்

நாங்கள் குடியேறியிருக்கும் வெளிநாட்டு ஊரான பென்டில் ஹில் பக்கம் எங்கள் தெருமுனையில் இருந்த பழைய பப்பை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறார்கள் என்றதும், அதை எதிர்த்த ஒரே தமிழர் அவர். அறுபது வயதிருக்கும். பப்புக்குப் போவதற்குக்கூடச் சட்டையை அயர்ன் பண்ணிப் போடுவார். வாசலில் நின்று தலை சீவிய பிறகே உள்ளே நுழைவார்.

இதைப் பற்றி நடந்த நகராட்சிக் கவுன்சில் கூட்டத்தில் அந்தப் பப்பின் வாடிக்கையாளரான ஒரு வெள்ளைக்காரர் எழுந்து, "வீடு கட்டினால் இந்தியர்கள் வந்து குவிந்துவிடுவார்கள்" என்றார். எதிர்ப்பாளர்கள் கைதட்டினார்கள். அடுத்து இவர் எழுந்து, பப் இருக்கட்டும் என்று பேசினார். யாரும் கைதட்டவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "அங்கிள், அப்படிச் சொன்னவங்களோட ஏன் சேர்ந்து நிக்கிறீங்க?"

"வேறை ஆரோடை நிக்கிறது தம்பி? வேலை முடிஞ்சு வந்தால் என்னோடை கதைக்கிற ஆக்கள் அவங்கள்தான்."

"உங்களையும் சேர்த்துத்தானே சொன்னார்?"

"ஓம். இப்ப அவன்ரை காரிலைதான் வீட்டை போறன்."

கார் வந்தது. ஏறிப் போனார்.

பப்பை இடித்துவிட்டார்கள். புது வீடுகளில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதிர்த்தவர் என்று அவரோடு ஒருவரும் பேசுவதில்லை. அன்று அந்தக் காரில் இருவரும் என்ன பேசிக்கொண்டு போனார்கள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.