மூன்று நிமிடப் பிரார்த்தனை

அவர் கும்பிட்ட கடவுள் எவர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் “அவங்க ஆளுங்களே அப்படித்தான்” என்பார்கள். மீதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஆகாத எதிர்வீட்டுக்காரரின் கடவுள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு ஒரு சேதமும் இல்லை.

மருத்துவமனையின் சளிப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். எல்லோரும் ‘பக்தி’ என்றுதான் கூப்பிட்டார்கள். “பக்தி அண்ணே, என் பைக் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது, மேல ஒரு வார்த்தை சொல்லி விடுங்களேன்” என்று வார்டு ஊழியர்கள் சீண்டினால் சிரிப்பார். சொர்க்கத்தில் ஜன்னல் ஓரத்து இருக்கை உறுதியாகிவிட்டவரின் சிரிப்பு அது.

வேலை எளிமையானது. நோயாளியின் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்ற வேண்டும். பிறகு அமிலம். அமிலம் எல்லாவற்றின் சிவப்பையும் கழுவிவிடும். காசநோய்க் கிருமி மட்டும் பிடித்த சாயத்தை விடாது. ஆனால் அதன் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டுதானே? அமிலம் மூன்று நிமிடம்தான் நிற்கலாம். அளவு மீறி நின்றால் கிருமியும் வெளுத்துப்போகும், நுண்ணோக்கியில் தேடினால் கிடைக்காது.

இதற்காகவே மேசையில் ஒரு மணியடிக்கும் கடிகாரம் இருந்தது. பக்தி அதன் பேட்டரியைக் கழற்றிவைத்திருந்தார். அவருடைய பிரார்த்தனை ஒன்று சரியாக ஒரு நிமிடம் வரும். மூன்று தடவை சொன்னால் மூன்று நிமிடம். நடுவில் கடிகாரம் கத்தினால் மனம் கலைகிறதாம். வாராந்திரப் பிரார்த்தனைக் கூட்டத்தில் இதை எழுந்து நின்று சொன்னார்: “வேலை வேற, வழிபாடு வேறன்னு நான் பிரிக்கிறதே இல்ல.” பலத்த கைதட்டல். அன்று வீட்டுக்கு நடந்தபோது கால் தரையில் பாவவில்லை.

அவர் கண்மூடி நிற்கும் அந்த நேரத்தில், உடன் வேலை பார்த்த ஒப்பந்தப் பணிப் பெண், ‘நிறமேற்றியவர்’ என்ற கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டுப் பதிவேட்டை நிரப்பிவிடுவாள். அண்ணன் கை ஈரம், உதடும் வேலையாக இருக்கிறது. வேறு யார் போடுவது?

ஒரு நாள் வந்த படிவங்களில் தெரிந்த பெயர் ஒன்று இருந்தது. அவர் தெருவிலேயே குடியிருக்கும் தையற்கார அக்கா. பக்திக்கு நெஞ்சு உருகிவிட்டது. அமிலத்தை ஊற்றிவிட்டு வழக்கமான பிரார்த்தனையோடு அக்காவின் நுரையீரலைச் சேர்த்தார், காலஞ்சென்ற கணவரைச் சேர்த்தார், தையல் மெஷினைக்கூட விடவில்லை. கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மாலையே அக்கா வீட்டுப் படியேறிவிட்டார்.

“ஒண்ணுமே இல்லக்கா! உங்களுக்காக உருகி வேண்டினேன். பயப்படாம இருங்க.”

நாலு வாரம் கழித்து அக்கா ரத்தமாக இருமினாள். இந்த முறை சில்லு முழுக்கக் கிருமி. கூடத்தின் தலைமை டாக்டர் அம்மா பழைய சில்லைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி சாயம் ஏற்றிப் பார்த்தார். அன்றே இருந்திருக்கிறது.

“அமிலத்தை ஊத்திட்டு எங்க போனீங்க?” டாக்டர் இருவரிடமும் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “இது யார் கையெழுத்து?”

“என்னோடதுதான் மேடம்” என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு பக்தியைப் பார்த்தாள்.

பக்தி தரையைப் பார்த்தார். கடவுளே, உண்மை எப்படியாவது வெளியே வரட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவில் இருந்த உண்மை அது. அதை வெளியே எடுக்க மேலேயிருந்து ஆள் வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்.

மறுநாள் முதல் அவளுக்குச் சளி மாதிரி வாங்கும் ஜன்னலில் வேலை. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நடைவழியில் அவள் மறித்தாள்.

“அண்ணே, அன்னைக்கு அமிலம் ஊத்துனது நீங்க.”

“தெரியும்மா.”

“தெரியும்ல? அப்பச் சரி.”

“உனக்காக வேண்டிக்கிறேன்மா.”

“ஐயோ, வேணாம்ணே! அந்த நேரத்துல மேடம்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்.”

அவர் வேண்டிக்கொள்ளத்தான் செய்தார். ஒன்பது நாள். அது சுலபமாக இருந்தது.

பத்தாம் நாள் மருந்து வாங்கும் வரிசையில் தையற்கார அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டடி தள்ளி ஜன்னலுக்குள் அந்தப் பெண் குப்பிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

“தம்பி, உங்க வேண்டுதல்தான் என்னை உயிரோட வெச்சிருக்கு. இல்லேன்னா அந்தப் பொண்ணு பண்ணி வெச்ச வேலைக்கு நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்.”

ஜன்னலுக்குள் பேனா நின்றது. பக்திக்குக் காது மடல்வரை சுட்டது. எந்தப் பிரார்த்தனையும் நினைவுக்கு வரவில்லை.

“அவ இல்லக்கா. நான்தான். உங்களுக்காக வேண்டிக்கிட்டே நின்னு நேரத்தை விட்டுட்டேன்.”

வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அக்கா கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நின்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

“அந்த நாலு வாரமும் பேத்தி என்னைக் கட்டிப்பிடிச்சுத்தான் தூங்குனா, தம்பி. நீங்க வீடு தேடி வந்து பயப்படாம இருங்கன்னு சொன்னீங்களேன்னு.”

அன்றே டாக்டர் முன்னால் எல்லாவற்றையும் ஒப்பித்தார், கழற்றிய பேட்டரி உட்பட. டாக்டர் தவறு அறிக்கைப் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு எழுதட்டும்? பிரார்த்தனைன்னா?”

“அது பாவம் மேடம், அது என்ன பண்ணுச்சு? என் பேரை எழுதுங்க.”

எழுதினார்கள். அந்தப் பெண் கூடத்துக்குத் திரும்பினாள். பக்தி ஜன்னலுக்கு வந்தார். போகும்போது அவள் “தேங்க்ஸ்ணே” என்றாள். அதற்குப் பதில் அவர் கன்னத்தில் அவள் அறைந்திருக்கலாம்.

வியாழக்கிழமை அக்கா பேத்தியோடு ஜன்னலுக்கு வந்தாள். ஏழு வயது, ஓயாத இருமல். பக்தி குப்பியில் பெயரை எழுதி, படிவத்தோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்து நீட்டினார். அவரையறியாமல் உதடு அசைந்திருக்க வேண்டும்.

“பாட்டி, இந்த அங்கிள் என்ன முணுமுணுக்கிறாரு?”

அக்கா அவரைப் பார்க்கவில்லை. “நீ வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து இதுல துப்பு” என்றாள்.

பக்தி உதட்டைக் கடித்து மூடிக்கொண்டு, குப்பிக்காகக் கையை நீட்டியபடி காத்திருந்தார்.